வன்னித் தூசிக்கு எந்தக் கண்ணாடி லென்ஸ்?

விசுவமடு, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளில் நாளும் மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஒருவருக்குப் புதுக் கண்ணாடி ஒரு வருடம் தெளிவாக இருந்தாலே பெரிய காரியம். பவர் மாறியிருக்காது, பிரேமும் உடைந்திருக்காது. லென்ஸின் நடுப்பகுதி மட்டும் மெல்லிய கீறல்களால் நிறைந்திருக்கும். பகலில் அது அவ்வளவு தெரியாது. இரவில் ஏ-9 வீதியில் எதிரே ஒரு பஸ் வெளிச்சம் அடித்தால் ஒளி லென்ஸ் முழுக்கப் பரவி, வீதியோரம் மாடு நிற்கிறதா ஆள் நிற்கிறதா என்பதே தெரியாமல் போய்விடும்.

கிளிநொச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்துகிற வேலை செய்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே விசயத்தைத்தான் கேட்பார்கள்: “தம்பி, கீறு விழாத கண்ணாடியாப் பாத்துப் போட்டு விடு.” கீறு விழாத லென்ஸ் என்று ஒன்று இல்லை. எது யாருக்கு அதிக நாள் தாங்கும், எதைத் தெரிவுசெய்தால் எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பதைச் சொல்லலாம். கடையில் சனம் நிற்கும்போது அதை ஆறுதலாக விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூசியைப் பார்ப்போம்

கிரவல் வீதியின் சிவப்புத் தூசியை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் மாவாகத் தெரிகிற பகுதிக்குள் நறநறவென்று சில மணிகள் அகப்படும். அவற்றில் பெரும்பாலானவை குவார்ட்ஸ், அதாவது சிலிக்காவாலான கனிமம். 1812இல் ஜேர்மனியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் உருவாக்கிய வன்மை அளவுகோலில் டல்க் 1, வைரம் 10. அதில் குவார்ட்ஸுக்கு இடம் 7. மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கிற இரும்பு ஒட்சைட்டான ஹேமடைற்றும் 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5. நம்முடைய நகம் 2.5. லென்ஸ் செய்கிற பிளாஸ்டிக் எதுவும் நகத்தின் அக்கம்பக்கத்தைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. ஆகவே குவார்ட்ஸ் மணிக்கு முன்னால் எல்லாப் பிளாஸ்டிக்கும் மெதுமையானவைதான்.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் இந்த வகையில் கொஞ்சம் பரவாயில்லை. களிக் கனிமங்கள் மெதுவானவை, தனியாக அவை லென்ஸைக் கீற மாட்டா. கூடக் கலந்து வருகிற மணல்தான் கீறும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் குவார்ட்ஸ்தான், ஆனால் அலையில் உருண்டு மூலை மழுங்கியது. இவற்றைவிடக் கெட்டது வீதி வேலை நடக்கிற இடத்தில் பறக்கிற கல்லுடைத்த தூள். அது அப்போதுதான் உடைந்தது, ஒவ்வொரு மணிக்கும் கூர்விளிம்பு இருக்கும். ஒரே பாரத்தில் அழுத்தினாலும் கூர்நுனியின் கீழ் அழுத்தம் சிறிய இடத்தில் குவிவதால் மழுங்கிய மணி வழுக்கிப் போகிற இடத்தில் கூர்மணி உழுதுகொண்டு போகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நெல் உமியின் எடையில் 15 முதல் 20 வீதம் வரை சிலிக்கா. அதுவும் உமியின் வெளிப்பக்கத்தில்தான் அதிகம் படிந்திருக்கும். குவார்ட்ஸ் அளவுக்கு அது வன்மையானதில்லை. என்றாலும் எந்த லென்ஸ் பிளாஸ்டிக்கையும்விட வன்மையானது. அறுவடை மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர், அரிசி ஆலையில் வேலை செய்கிறவர் ஆகியோரின் கண்ணாடி வீதியில் ஓடாமலே மங்குவதற்குக் காரணம் இது.

காற்றில் பறந்துவந்து மோதுகிற தூசி லென்ஸில் சிறு புள்ளிக் குழிகளைப் போடும். பெரிய சேதம் துடைக்கும்போதுதான் வருகிறது. பழைய லென்ஸ் ஒன்றைப் பத்து மடங்கு பெருப்பிக்கிற கைவில்லையின் கீழே வைத்துப் பார்த்தால் கீறல்கள் கண்டபடி ஓடியிருக்காது. எல்லாம் வில்லாக வளைந்து, ஒன்றுக்கு ஒன்று சமாந்தரமாக, பெருவிரல் அழுத்துகிற நடுப்பகுதியைச் சுற்றி நெருங்கியிருக்கும். சேட்டு விளிம்பாலோ சாரத்தாலோ முந்தானையாலோ ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்த பாதை அப்படியே பதிந்திருக்கும். சில கீறல்களின் ஒரு முனையில் சிறு பள்ளம் தெரியும், மணி முதலில் கடித்துப் பிடித்த இடம் அது.

மணி அழுத்தும்போது பிளாஸ்டிக் என்ன செய்கிறது

வன்மையான மணி ஒன்று மேற்பரப்பில் அழுந்தி இழுபடும்போது பிளாஸ்டிக்குக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அழுந்திய இடத்தில் வழிந்து விலகி நிரந்தரமான வாய்க்கால் ஒன்றை விட்டுவிடும். இரண்டு, வழிய முடியாமல் சிறு வெடிப்புகளாகப் பிளந்து செதில் பெயரும். மூன்று, அழுந்திக் கொடுத்துவிட்டு, மணி போனதும் திரும்ப எழும்பிவிடும். எல்லாப் பிளாஸ்டிக்கும் இந்த மூன்றையும் வெவ்வேறு அளவில் செய்கிறது. எதை அதிகம் செய்கிறது என்பதை வைத்துத்தான் அது கீறலைத் தாங்குமா இல்லையா என்று சொல்ல முடியும்.

வன்மை என்பது முதலாவதற்கு எதிரான பலம். வன்மை கூடினால் மணி பதிகிற ஆழம் குறையும். ஆனால் வன்மை மட்டும் கணக்கில்லை. ஒரு பொருள் எவ்வளவு தூரம் வளைந்து கொடுத்து மீள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் பொருட்களின் குணங்களை ஆராய்கிற விஞ்ஞானிகள் வன்மையை மீள்தன்மைக் குணகத்தால் (பொருள் வளைந்து கொடுக்க எவ்வளவு மறுக்கிறது என்பதைக் காட்டுகிற எண்) பிரித்து வருகிற விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்த விகிதம் பெரிதாக இருந்தால், நிரந்தரமாகச் சிதைவதற்கு முன்னர் அந்தப் பொருள் அதிகம் தாங்கும். மூன்றாவதாக உராய்வு. மணி முன்னே போகும்போது அதற்கு முன்னால் உள்ள மேற்பரப்பு நெருக்கப்படும், பின்னால் உள்ளது இழுபடும். வெடிப்பு பெரும்பாலும் இழுபடுகிற அந்தப் பின்பக்கத்தில்தான் திறக்கும். மேற்பரப்பு வழுக்கலாக இருந்தால் இழுவை குறையும், வெடிப்பும் குறையும்.

வெப்பமும் கேட்கப்படுகிற கேள்விதான். “இங்கத்தைய வெயிலுக்குப் பிளாஸ்டிக் இளகிப்போகாதோ?” என்பார்கள். பொலிகார்பனேற் இளகத் தொடங்குகிற வெப்பநிலை ஏறத்தாழ 147 பாகை செல்சியஸ், அக்ரிலிக் ஏறத்தாழ 105 பாகை. வன்னியின் சித்திரை வெயில் அதற்குக் கிட்டவும் வராது. பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் நமது சாதாரண வெப்பநிலைக்குக் கீழேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டவை. வாளியும் சோப்புப் பெட்டியும் நகம் பட்டாலே கோடு விழுகிற அளவுக்கு மெதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெயிலால் லென்ஸுக்கு வேறொரு கேடு உண்டு, அதைப் பூச்சைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

சீ.ஆர். 39உம் பொலிகார்பனேற்றும்

கடைகளில் “சாதாரண பிளாஸ்டிக்” என்று சொல்வது பெரும்பாலும் சீ.ஆர். 39. கொலம்பியா ரெசின் 39 என்பதன் சுருக்கம். 1940இல் அமெரிக்காவில் உருவாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தாங்கிகளுக்குப் பயன்பட்டு, 1947இலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. பொலிகார்பனேற் 1953இல் வந்தது. ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டானியல் பொக்ஸ் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்காமலே வெட்டும் மெசினில் பார்த்துவிடலாம். சீ.ஆர். 39ஐ அரைக்கல்லில் வைத்தால் தண்ணீரோடு வெள்ளைத் தூளாகக் கழிந்து போகும். பொலிகார்பனேற்றை முதல் வெட்டு தண்ணீர் விடாமல் வெட்ட வேண்டும். அது தூளாகாமல் சூட்டில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிய தும்புகளாகச் சுருண்டு விழும். சீ.ஆர். 39இல் மூலக்கூற்றுச் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிட்டன. ஒன்றை ஒன்று கடந்து வழிய அவற்றால் முடியாது, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. பொலிகார்பனேற்றின் சங்கிலிகள் நீளமானவை, ஒன்றோடொன்று சிக்குண்டவை, ஆனால் பிணைக்கப்படாதவை. அழுத்தம் வந்தால் வழுக்கி இடம்மாறும்.

முழுத் தீர்மானமும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. பொலிகார்பனேற்றில் கல் ஒன்று வேகமாக மோதினால் அந்த இடம் வெடிக்காமல் வழிந்து கொடுத்து, மோதலின் சக்தியை உள்வாங்கிவிடுகிறது. பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கான ஐரோப்பியத் தரத்தில் 6 மில்லிமீற்றர் இரும்புக் குண்டை வினாடிக்கு 45 மீற்றர் வேகத்தில் அடித்துப் பார்க்கிற ஒரு பரிசோதனை உண்டு. பொலிகார்பனேற் அதைத் தாங்கும். அதே வழிந்து கொடுக்கிற குணத்தால்தான் ஒரு சின்ன மணல்மணிக்கும் அது வாய்க்கால் விட்டுக் கொடுக்கிறது. பென்சில்களை வரிசையாக எடுத்து எது கீறுகிறது என்று பார்க்கிற சோதனையில் பூச்சில்லாத பொலிகார்பனேற் நடுத்தரப் பென்சிலுக்கே தோற்றுவிடும். அக்ரிலிக் அதைவிடப் பல படி வன்மையான பென்சில்வரை தாங்கும். உடையாததைக் கீறாமலும் செய்து தா என்று கேட்டால், ஒரே பொருளிடம் இரண்டு எதிரான குணங்களைக் கேட்கிறோம்.

சீ.ஆர். 39 மறுபக்கம். வலைப்பின்னலால் வழிய முடியாததால் கீறல் ஆழமாகப் பதியாது, பதிந்ததிலும் கொஞ்சம் மீண்டு எழும்பும். லென்ஸ்களின் கீறல் தாங்கும் திறனை அளக்கிற பேயர் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு தட்டில் லென்ஸை வைத்து, மேலே உராய்வுத் துகள்களைப் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு எவ்வளவு மங்கியது என்று ஒளியால் அளப்பார்கள். வன்னியில் இதற்குத் தனி ஆய்வுகூடம் தேவையில்லை, நமது வீதிகளே அதைத்தான் செய்கின்றன. அந்தச் சோதனையில் பூச்சில்லாத சீ.ஆர். 39ஐத்தான் அடிப்படையாக 1 என்று வைத்திருக்கிறார்கள். பூச்சில்லாத பொலிகார்பனேற் அதற்குக் கீழே நிற்கும். நல்ல பூச்சுள்ள லென்ஸ்கள் அதற்குப் பல மடங்கு மேலே போகும்.

தெளிவிலும் சீ.ஆர். 39 முன்னுக்கு நிற்கிறது. நிறங்கள் பிரிந்து ஓரங்களில் வானவில் விளிம்பு தெரியாமல் இருப்பதை அளக்கிற அபே எண் அதற்கு 58, பொலிகார்பனேற்றுக்கு 30. எடையில் பொலிகார்பனேற்றுக்கு வெற்றி: ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.20 கிராம், மற்றது 1.32. மொத்தத்தில் உடைவதைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் பயப்படுகிறவருக்கு சீ.ஆர். 39 போதும்.

மற்றவை

அசல் கண்ணாடி லென்ஸ் கீறலைப் பிளாஸ்டிக்கைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் குவார்ட்ஸ் அதையும் கீறும், எடை சீ.ஆர். 39ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, உடைந்தால் சில்லுகள் கண்ணுக்குள் போகும். மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஒருவருக்கு இதை நான் எந்தச் சூழ்நிலையிலும் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

ட்ரைவெக்ஸ் 2001இல் சந்தைக்கு வந்தது. கொஞ்சம் பிணைந்தும் கொஞ்சம் வழிந்தும் கொடுக்கிற யூரெத்தேன் வகைப் பல்பகுதியம். மோதலில் பொலிகார்பனேற்றுக்கு அருகில் நிற்கிறது, எடை 1.11 கிராம்தான், தெளிவில் இரண்டுக்கும் இடையில். துளையிட்டுத் திருகாணி பூட்டுகிற பிரேமில்லாக் கண்ணாடிகளுக்கு மிக நல்லது, விளிம்பில் வெடிக்காது. கீறலில் இதுவும் பூச்சை நம்பித்தான் இருக்கிறது. விலை கூட, கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

கனம் குறைந்த 1.60, 1.67 வகை லென்ஸ்கள் பெரிய பவர் உள்ளவர்களுக்கு. லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்கிற எண்கள் இவை. இவற்றில் கந்தகம் உண்டு, வெட்டும்போது கடை முழுக்க அழுகிய முட்டை மணக்கும். பவர் சின்னதாக இருந்தால் இவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பதால் கீறலில் எந்த லாபமும் இல்லை.

வற்றாப்பளைப் பொங்கல் நேரத்துத் தெருக்கடையில் எடுக்கிற வாசிப்புக் கண்ணாடி அக்ரிலிக்காகவோ பூச்சில்லாத பொலிகார்பனேற்றாகவோ இருக்கும். வீட்டில் பேப்பர் பார்க்க அது போதும். அக்ரிலிக் கீறலை ஓரளவு தாங்கினாலும் மோதினால் கூர்த்துண்டுகளாக உடையும் என்பதால் அதைப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்க வேண்டாம்.

பூச்சு

இன்றைக்குக் கடையில் வாங்குகிற நல்ல லென்ஸ் எதுவும் வெறும் பிளாஸ்டிக்காக வருவதில்லை. மேலே சிலிக்கனும் ஒட்சிசனும் கலந்த வலைப்பின்னல் பூச்சு ஒன்று இருக்கும். ஹார்ட் கோட் என்பது அதைத்தான். தடிப்பு சாதாரணமாக 2 முதல் 5 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிலவற்றில் மிக நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகளும் கலந்திருக்கும். கீறலைத் தடுக்கிறதும் சிலிக்காதான், கீறுகிறதும் சிலிக்காதான்.

பூச்சு நல்லது என்றால் அடியில் எது இருந்தாலும் சரிதானே என்று தோன்றும். அப்படியில்லை. வற்றிய குளத்தில் வெயிலில் காய்ந்த மேலோடு கட்டியாகத்தான் இருக்கும், அடியில் சேறு இன்னும் ஈரமாக இருந்தால் கால் வைத்ததும் மேலோடு வெடித்து உள்ளே போகும். மெதுவான பிளாஸ்டிக்குக்கு மேலே மெல்லிய வன்மைப் பூச்சும் அப்படித்தான். மணி அழுத்தும்போது அடி இளகிக் கொடுத்தால், பூச்சுக்கு வளைய முடியாமல் வெடிப்பு விழும். ஆகவே ஒரே பூச்சை சீ.ஆர். 39இலும் பொலிகார்பனேற்றிலும் பூசினால், கடினமான அடித்தளத்தில் அது அதிக பாரத்தைத் தாங்கும். பூச்சு அடிப்பொருளோடு எவ்வளவு இறுக ஒட்டியிருக்கிறது என்பதும் இதே அளவு முக்கியம். ஒட்டுப் போனால் பூச்சு செதிலாக உரிந்து, அந்த இடம் கீறலைவிட மோசமாகத் தெரியும்.

வெயிலின் கேடு இங்கேதான். சூடானால் பிளாஸ்டிக் விரிகிற அளவு மேலே இருக்கிற சிலிக்கா சார்ந்த படலங்கள் விரிவதில்லை. கண்ணாடியை மூடிய வாகனத்தின் முன்தட்டில் வெயிலில் வைத்துவிட்டுப் போனால், அடி விரிந்து மேலே உள்ள படலம் இழுபட்டு, சிலந்தி வலைக் கோடுகளாக வெடித்துவிடும். எதிரொளிப்பைத் தடுக்கிற மெல்லிய படலங்கள் முதலில் போகும். அதைக் கீறல் என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். கீறல் நேராகவோ வில்லாகவோ ஓடும், வெப்ப வெடிப்பு வலையாக லென்ஸ் முழுக்கப் பரவும்.

அந்த எதிரொளிப்புத் தடுப்புப் படலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் வாகனம் ஓடுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதில் விழுகிற கீறல் வெறும் லென்ஸில் விழுகிறதைவிடப் பளிச்சென்று தெரியும், படலம் இல்லாத கோட்டில் ஒளி திரும்பி வருவதால். எண்ணெய், தண்ணீர் ஒட்டாத வழுக்கல் மேற்படை உள்ளதை எடுத்தால் இந்தக் குறை கொஞ்சம் ஈடாகும். உராய்வு குறையும், தூசியும் இலகுவாகக் கழுவிப்போகும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் அந்தப் படை இருக்கிறது, பரந்து படிந்தால் இல்லை.

கடையில் கேட்க வேண்டியது இரண்டு. ஹார்ட் கோட் இரண்டு பக்கமும் உண்டா? துடைக்கும்போது பெருவிரல் ஒரு பக்கமும் சுட்டுவிரல் மறுபக்கமும் அழுத்துவதால் உட்பக்கம் வெறுமையாக இருந்தால் அது முதலில் போகும். இரண்டாவது, பூச்சு அடுப்புச் சூட்டில் இறுக்கப்பட்டதா, ஊதாக்கதிர் ஒளியில் விரைவாக இறுக்கப்பட்டதா? பொதுவாகச் சூட்டில் இறுக்கியது கூடத் தாங்கும்.

பூச்சு வேண்டாம் என்கிற இடம்

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற பெண்களும் ஆண்களும் முகத்தில் போட்டிருக்கிற தெளிவான முகக்கவசம் பொலிகார்பனேற். கண்ணிவெடி அகற்றலுக்கான சர்வதேசத் தரநியமம் கேட்பது, குறைந்தது 5 மில்லிமீற்றர் பூச்சில்லாத பொலிகார்பனேற்றுக்குச் சமமான பாதுகாப்பு. வேண்டுமென்றேதான் பூச்சில்லாததை அளவாக வைத்திருக்கிறார்கள். பொலிகார்பனேற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேற்பரப்பில் கூர்மையான வெட்டு ஒன்று இருந்தால் அதிலிருந்து வெடிப்பு ஓடிவிடும். மேலே இறுகிய பூச்சு இருந்து, கண்ணிவெடி வெடிக்கும்போது அது முதலில் பிளந்தால், அந்தப் பிளவே அடிப்பொருளுக்குள் இறங்குகிற வெட்டாகிவிடலாம். அங்கே உயிர்தான் முதல் கணக்கு, கீறல் பிறகு. ஆனால் கீறலும் அங்கே சின்ன விசயமில்லை. கவசம் மங்கினால் நிலத்தைப் பார்க்க அதைத் தூக்கிவிடத் தோன்றும். அதனால் அந்த வேலையில் கவசத்தைக் கழுவுவதும், உறையில் வைப்பதும், மங்கியதை மாற்றுவதும் பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதி. எந்தப் பொருளும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைத் தருகிறது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியாது.

யாருக்கு எது

நாளும் உள்வீதியில் ஓடுகிற, பவர் நடுத்தரமான, வளர்ந்த ஒருவருக்கு நான் சொல்வது: இரண்டு பக்கமும் சூட்டில் இறுக்கிய ஹார்ட் கோட் உள்ள சீ.ஆர். 39, அதற்கு மேலே முகக்கண்ணாடி இறக்கிய முழு ஹெல்மெட். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியும் பொலிகார்பனேற்தான். பறந்துவருகிற கல்லை அது வாங்கட்டும், தூசியையும் அதுவே முதலில் வாங்கட்டும். மங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், பவர் போட்ட லென்ஸ் மாற்றுகிற செலவு வராது. முகக்கண்ணாடியை உயர்த்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே முன்னுக்கு நிறுத்துகிறார்கள். முகக்கண்ணாடியில் ஒட்டிய தாரைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைக்காதீர்கள். பெற்றோல், நகப்பூச்சு அகற்றி, அமோனியா சேர்ந்த துப்புரவுத் திரவம் எல்லாம் பொலிகார்பனேற்றை வெளுக்கச் செய்யும், வெடிக்கவும் வைக்கும்.

பிள்ளைகளுக்கு, புல் வெட்டும் மெசின் தோளில் போடுகிறவர்களுக்கு, வெல்டிங், கிரைண்டர் வேலைக்காரருக்குப் பொலிகார்பனேற், ஹார்ட் கோட்டுடன். கையில் காசு இருந்தால் ட்ரைவெக்ஸ். கீறல் கொஞ்சம் முன்னதாக வரும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். புல் வெட்டும் மெசினின் கம்பி எறிகிற சிறு கல் சீ.ஆர். 39ஐ உடைக்கக்கூடியது.

இன்னொரு கூட்டத்துக்கு நான் தெரிவே கொடுப்பதில்லை. போரில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மிஞ்சியிருக்கிற கண்ணுக்கு முன்னால் இருக்கிற லென்ஸ் உடையக்கூடாது. அவர்களுக்குப் பவர் இல்லாவிட்டாலும் பொலிகார்பனேற் கண்ணாடி வேண்டும். அது மங்கினால் திரும்ப மாற்றலாம். “அண்ணை, இது கெதியாக் கீறும், ஆனா உடையாது” என்று சொல்லித்தான் கொடுப்பேன். யாரும் மறுத்ததில்லை.

பெரிய பவர்க்காரருக்கு 1.60 போதும். 1.67க்குப் போனால் கனம் குறையும், தெளிவும் கொஞ்சம் குறையும், காசு கூடும்.

கழுவுவது

எதை எடுத்தாலும் துடைக்கிற விதம் சரியில்லையென்றால் பணம் வீண்தான். அழுத்தத்தைக் குறைத்து மெதுவாகத் துடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கூர்நுனி ஒன்று பதியும்போது பள்ளத்தின் அகலம் பாரத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறைகிறது. விரலின் அழுத்தத்தைப் பாதியாக்கினாலும் கீறலின் அகலம் ஏறத்தாழ 30 வீதம்தான் குறையும். மணியை அகற்றினால் கீறலே இல்லை.

ஆகவே முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரைச் சற்று வேகமாக விட்டு, தூசி ஓடிப்போகும்வரை லென்ஸைத் தொடாதீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை விரல்நுனியில் எடுத்து இரண்டு பக்கமும் மெல்லத் தடவுங்கள். அது எண்ணெயை எடுக்கும், உராய்வையும் குறைக்கும், மிஞ்சிய ஒன்றிரண்டு மணி கடிக்காமல் வழுக்கிப் போகும். பிறகு கழுவி, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பல் துலக்கும் பசையால் கீறலைத் தேய்த்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உராய்வுத் துகள் இருக்கிறது, ஒரு கீறலை எடுக்கப் போய்ப் பூச்சு முழுவதும் போய்விடும். வழியில் தண்ணீர் இல்லாத இடத்தில் கண்ணாடியில் தூசி படிந்தால், வாயால் ஊதிவிட்டு அப்படியே போடுங்கள். சேட்டு விளிம்பைத் தொடவே வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் மோட்டார் சைக்கிளில் இருந்தால் போதும்.

வயல் வேலை உள்ளவர்களுக்கு இன்னொன்று. காலபோக அறுவடைக்கு முன்னர் புதுக் கண்ணாடி எடுக்க வராதீர்கள். பழையதைப் போட்டுக்கொண்டு வெட்டி, தூற்றி, மூட்டை கட்டி முடித்துவிட்டு, மாசி பங்குனியில் வாருங்கள். பழையதை எறியவும் வேண்டாம், சிறுபோகத்துக்கு அது வயலுக்கு இருக்கட்டும்.